மாநகராட்சி எல்லை நம்ம ஊருக்கும் வருமா? தஞ்சைப் புறநகர் மக்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

நாஞ்சிக்கோட்டை, நீலகிரி, பிள்ளையார்பட்டி, விளார், புதுப்பட்டினம் என்று தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வயலும் தரிசும் மனையாகி, மனையெல்லாம் வீடாகிவிட்டன. அங்கே குடியிருப்பவர்கள் ஊர் எது என்று கேட்டால் தஞ்சாவூர் என்றுதான் சொல்கிறார்கள். வீட்டு வரி ரசீது மட்டும் ஊராட்சி பெயரில் வருகிறது. 2025 தொடக்கத்தில், பல மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் சுற்றுப்புற ஊராட்சிகளைச் சேர்க்கும் உத்தேசத்தை அரசு வெளியிட்டதும் மாநிலம் முழுக்க எதிர்ப்பும் ஆதரவுமாகக் குரல்கள் கிளம்பின. தஞ்சைப் பகுதியில் கேட்கப்படும் கேள்விகளில் சில வரலாறு சம்பந்தப்பட்டவை, பல வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்டவை.

சோழர் தலைநகரமாக இருந்த ஊர். மாநகராட்சி ஆக 2014 வரை ஏன் காத்திருந்தது?

ஊரின் வயதும் பெருமையும் இதில் கணக்கில் வருவதில்லை. இன்னும் சொன்னால், பிரிட்டிஷ் ஆட்சியின் தொடக்கத்தில் தஞ்சாவூர் தன் மாவட்டத்துக்கே தலைமையிடமாக இல்லை. 1799இல் இரண்டாம் சரபோஜி மன்னர் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கோட்டையும் அதை ஒட்டிய பகுதியும் மட்டும் மன்னரிடம் நின்றன. கலெக்டர் நாகப்பட்டினத்தில் உட்கார்ந்தார். டேனிஷ்காரர்களிடமிருந்து தரங்கம்பாடியை 1845இல் வாங்கிய பிறகு கலெக்டர் கச்சேரி அங்கே போயிற்று. 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறக்க, அரசுரிமை முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு, 1860 வாக்கில்தான் கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தது.

1865ஆம் ஆண்டு நகர அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் 1866இல் தஞ்சாவூர் நகராட்சி அமைந்தது. அதே ஆண்டில் கும்பகோணம், நாகப்பட்டினம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), மன்னார்குடி ஆகியவையும் நகராட்சிகள் ஆயின. ஒரே மாவட்டத்தில் ஐந்து நகராட்சிகள் என்பது அந்தக் காலத்தில் சாதாரணம் அல்ல. நெல் விளைந்த பூமி எத்தனை ஊர்களைத் தாங்கியது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைப் பூங்காவை அந்த இளம் நகராட்சி 1870களின் தொடக்கத்தில் அமைத்தது.

1983இல் சிறப்பு நிலை நகராட்சி, 2014இல் திண்டுக்கல்லோடு சேர்ந்து மாநகராட்சி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரம் உயர்ந்தபோது நிலப்பரப்பு உயரவில்லை. அதே 36 சதுர கிலோமீட்டர், அதே 51 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் அந்த எல்லைக்குள் இருந்தவர்கள் 2,22,943 பேர். எல்லைக்கு வெளியே, ஊரின் அன்றாடத்துக்குள் வாழ்பவர்களை அந்த எண்ணிக்கை கணக்கில் எடுக்கவில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் இதுதான்.

ஊர் ஏன் தெற்கேயும் மேற்கேயும் மட்டும் இப்படி நீண்டது?

மண்தான் காரணம். தஞ்சாவூர் இரண்டு பூமிகளின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று ஆற்றுக்கு ஆறு நஞ்சை. தெற்கிலும் தென்மேற்கிலும் வல்லம் வரை ஏறிப்போகும் செம்மண் மேடு. மழையை நம்பியே கிடந்த மேட்டின் ஒரு பகுதிக்கு, மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த கல்லணைக் கால்வாய் தண்ணீர் கொடுத்தது. நம் மக்கள் அதை இன்றும் புது ஆறு என்றே சொல்கிறார்கள். மருத்துவக் கல்லூரி, 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், புதுப் பேருந்து நிலையம், புது ஆட்சியர் அலுவலக வளாகம் எல்லாம் மேட்டுப் பக்கமே போயின. நெல் விளையும் நிலத்தை விட்டுவைத்து மேட்டில் ஊர் கட்டியது நல்ல காரியம். இப்போது வடக்கிலும் கிழக்கிலும் நஞ்சையில் மனைக்கல் ஊன்றுகிறார்கள். கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான்.

ஊராட்சியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? கிராம சபை தீர்மானம் போட்டால் நிற்குமா?

முடிவு மாநில அரசுடையது. அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு, ஓர் இடத்தை நகர்ப்புறமாக அறிவிக்கும்போது மக்கள்தொகை, அதன் நெருக்கம், உள்ளூர் வருவாய், வேளாண்மை அல்லாத வேலையில் இருப்போரின் விகிதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. அரசு முதலில் தன் உத்தேசத்தை அறிவிக்கும், ஆட்சேபணைக்குக் கெடு கொடுக்கும், அதன்பின் இறுதி ஆணை பிறப்பிக்கும்.

கிராம சபைத் தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்த தீர்மானம் ஒரு ஆட்சேபணை. அதைப் பரிசீலிக்காமல் ஆணை போட்டால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். இதில் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தஞ்சை மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஊரின் தலையெழுத்தை மாற்றும் பேச்சு நடக்கும் நேரத்தில் ஊருக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. அது சரியான முறை அல்ல.

நூறு நாள் வேலை போய்விடுமா?

போய்விடும். மழுப்ப வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த இந்த வேலை உறுதி, தொடக்கத்திலிருந்தே ஊரகப் பகுதிக்கானது. மாநகராட்சிக்குள் வந்த தெருவுக்கு அது கிடையாது. 2022இல் தமிழக அரசு நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கியது. ஆனால் அது சில இடங்களோடு நின்றது, சட்டம் தரும் உறுதியும் அதற்கு இல்லை. கிராமத்துக்கான வீட்டுத் திட்டங்களும் அப்படியே. கலைஞர் கனவு இல்லம் ஊரகத்துக்கு உரியது, நகரத்தில் வேறு திட்டத்தில் மனுப்போட வேண்டும்.

டெல்டாவில் இந்த இழப்பின் கனம் அதிகம். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் விவசாயக் கூலிப் பெண்களுக்கு வயலில் வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. ஊராட்சியின் ஒரு பாதியில் மாடி வீடுகளும் மறுபாதியில் கூலித் தெருக்களுமாக இருக்கும் ஊர்களில், சேர்ப்பைக் கேட்பவர்களும் வேண்டாமென்பவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தாம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வீட்டு வரி எவ்வளவு ஏறும்?

ஒரே தொகையாகச் சொல்ல முடியாது. தெருவின் மண்டலம், கட்டடத்தின் அளவு, பயன்பாடு எல்லாம் சேர்ந்தது அது. போக்கைப் புரிந்துகொள்ள, 2022இல் தஞ்சாவூர் போன்ற நகர்ப்புறங்களில் நடந்த சீராய்வைப் பார்க்கலாம். 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் குறைந்தது 6 சதவீதம் உயர விதி வந்தது. வரியோடு குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை வரும்போது வைப்புத்தொகை எல்லாம் உண்டு.

வரி ஏறுவதைவிட, வரி முதலில் வந்து வசதி பத்து வருஷம் கழித்து வருவதுதான் புதிதாகச் சேரும் பகுதிகளின் வழக்கமான குறை. 2016இல் தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்று, அந்தப் பணத்தில் எல்லைக்குள் பல வேலைகள் நடந்தன. நாலு தெரு தள்ளி ஊராட்சியில் மழைநீர் போக வழியில்லாமல் நின்றது. சேர்க்கும் அரசு, எந்த ஆண்டுக்குள் எந்தத் தெருவுக்கு எது வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரியைக் கேட்பதே முறை.

பட்டா, ரேஷன் அட்டை, வி.ஏ.ஓ. எல்லாம் மாறுமா?

மாறாது. வருவாய்த் துறையின் கிராமம் வேறு, ஊராட்சி வேறு. சர்வே எண், பட்டா, அடங்கல், வட்டாட்சியர் அலுவலகம் எல்லாம் பழையபடியே. பின்னாளில் நகர நில அளவை நடந்தால், வார்டு, பிளாக் என்று புது எண் வரும். பழைய பத்திரத்தையும் பழைய சர்வே எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிலம் வைத்திருப்பவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனோ, கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதோ இதனால் தடைபடாது.

நம் ஓட்டின் பலம் கூடுமா குறையுமா?

எண்ணிக்கையில் குறையும். ஊராட்சித் தேர்தலில் உங்கள் கையில் நாலு சீட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். மாநகராட்சியில் ஒன்றே ஒன்று. வார்டு கவுன்சிலரை நீங்கள் தேர்ந்தெடுக்க, மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். தெருவில் நிறுத்தி, “தலைவரே, மூணு நாளா தண்ணி வரலே” என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

கிராம சபையும் போய்விடும். ஆண்டுக்கு ஆறு முறை கூடி, வரவு செலவை எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டிய சபை அது. நகரத்தில் அதற்கு ஈடாக வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022இல் தமிழகம் விதிகள் கொண்டுவந்தது. அவை ஒழுங்காகக் கூடினால்தான் ஈடாகும்.

உள்ளாட்சி என்றால் குப்பையும் தெருவிளக்கும் மட்டும்தான் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இந்தத் தஞ்சை மாவட்ட போர்டு, நிலவரியோடு கூடுதலாக ஒரு வரி விதித்து அந்தப் பணத்தில் ரயில் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் அந்தப் பாதையில் ரயில் ஓடியது. கட்டிய வரி கண்ணுக்குத் தெரியும் பலனாக வரும் என்பதை இந்த மண் அனுபவித்திருக்கிறது.

கும்பகோணம் மாநகராட்சி ஆகிவிட்டது. அப்படியானால் தனி மாவட்டமும் ஆகிவிடுமா?

இரண்டும் வேறு வேறு. மாநகராட்சி என்பது உள்ளாட்சி, மாவட்டம் என்பது வருவாய் நிர்வாகம். கும்பகோணம் 2021இல் மாநகராட்சி ஆனபோது தாராசுரம் பேரூராட்சி அதோடு சேர்ந்தது, வார்டுகள் 48 ஆயின. மாவட்டக் கோரிக்கை தனியே நிற்கிறது. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், நாகையிலிருந்து 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் பிரிந்தன. மாவட்டம் பிரிந்தால் கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வரும். உங்கள் தெருச் சாக்கடைக்குப் பொறுப்பாளி மாறமாட்டார்.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்தார்களே, பிறகு வயல் எப்படி மனையாகிறது?

பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு அந்தச் சட்டம், எண்ணெய் எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்ற பட்டியலிட்ட தொழில்களைத்தான் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. நஞ்சையை மனையாக்க நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எவ்வளவு கண்டிப்போடு கொடுக்கப்படுகிறதோ அந்த அளவுக்கே வயல் தப்பும்.

வாய்க்காலும் குளமும் யார் பொறுப்பு?

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். ஆறும் பெரிய பாசன வாய்க்காலும் நீர்வளத் துறையிடம். அதிலிருந்து வயலுக்குப் போகும், விவசாயிகள் சி, டி வாய்க்கால் என்று சொல்லும் கிளைகளைத் தூர்வாருவது பெரும்பாலும் வேளாண் பொறியியல் துறை. ஊர்க் குளமும் குட்டையும் ஊராட்சி, ஒன்றியத்திடம். ஊர் மாநகராட்சிக்குள் போனால் குளம் மாநகராட்சிக்கு வரும். வாய்க்காலோ இரண்டு துறைக்கு நடுவில் அநாதையாகும். முதலில் குப்பை விழும், பிறகு மண் விழும், பிறகு அதன் மேல் தெரு வரும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் அந்த வாய்க்காலின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது. ஐப்பசி கார்த்திகை மழையில் அதே தண்ணீர் புது நகர்களின் வாசலில் நிற்கும்.

தஞ்சாவூருக்கு இது தெரியாத பாடம் அல்ல. நாயக்கர் காலத்துச் சேவப்பநாயக்கன் ஏரி சுற்றுமேட்டின் மழைநீரைப் பிடித்து, ஜலசூத்திரம் என்ற நிலத்தடிக் குழாய் வழியே சிவகங்கைக் குளத்துக்குக் கொடுத்தது. ஏரியும் குழாயும் குளமும் ஒரே ஏற்பாடாக இருந்ததால் ஊர் தண்ணீர் குடித்தது. மாநகராட்சி எல்லையை வரையும்போதும் ஒரு வாய்க்காலின் தலைப்பும் வாலும் வடிகாலும் எங்கே போகின்றன என்று பார்த்து வரைய வேண்டும். வாக்காளர் எண்ணிக்கையும் சாலையும் மட்டும் பார்த்துக் கோடு போட்டால், வெள்ளம் அந்தக் கோட்டை மதிக்காது.

ஆட்சேபணை மனுவில் என்ன எழுதலாம்?

“எங்கள் ஊரைச் சேர்க்காதே” அல்லது “உடனே சேர்” என்ற ஒரு வரி போதாது. உங்கள் ஊரில் எத்தனை ஏக்கர் இன்னும் சாகுபடியில் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, எதில் வடிகிறது என்று சர்வே எண்ணோடு எழுதுங்கள். நூறு நாள் வேலைக்கு அட்டை வைத்திருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பொதுக் குளம், மயானம், மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இவை வேறு பயனுக்கு மாற்றப்படக் கூடாது என்று கேளுங்கள். முழு ஊராட்சியையும் சேர்க்காமல் வீடுகள் நெருங்கிய பகுதியை மட்டும் சேர்க்கலாம் என்று தோன்றினால் அதையும் வரைபடத்தோடு சொல்லலாம். ஊராட்சியின் தூய்மைக் காவலர்களும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்களும் சேர்ப்புக்குப் பிறகு யார் கீழ், என்ன சம்பளத்தில் வேலை பார்ப்பார்கள் என்பதை ஆணையிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். குறைந்த கூலிக்கு ஊரை இத்தனை நாள் சுத்தமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகத் தனியே மனுக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.