பிள்ளைக்கு எத்தனை கரண்டி?

பெரியவர் தட்டில் போடுவதில் பாதி பிள்ளைக்கு. பல வீடுகளில் சோற்றின் அளவு இப்படிக் கண்பார்வையிலேயே முடிவாகிறது. உடம்பின் கணக்கு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவுப்படி, 65 கிலோ எடையுள்ள, உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு நாளுக்கு 2,110 கலோரி வேண்டும். நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு 1,360. பிள்ளையின் எடையோ 18 கிலோ சொச்சம். கிலோவுக்கு வகுத்துப் பார்த்தால் அப்பாவுக்கு 32 கலோரி, பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 75.

தேவை இரண்டு மடங்குக்கு மேல், வயிறோ சின்னது. எட்டு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லி கொள்ளும். ஒரு டம்ளர்தான்! அதை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் குழந்தை ஏப்பம் விடும், எடை ஏறாது. ஆகவே எத்தனை கரண்டி என்பதோடு கரண்டியில் என்ன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் செம்மேட்டில் இந்தக் கேள்விக்குத் தனி அர்த்தம் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் இந்த மலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுதான் ஒரு காலத்தில் அன்றாடச் சாப்பாடு. பிறகு சரிவுகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். கையில் காசு வரும். உலையில் ரேஷன் அரிசி கொதிக்கும். விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாமையின் உமியை நீக்க உலக்கை பிடித்துக் கை காய்த்தவர்கள் வீட்டுப் பெண்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களை மீட்க முனைந்தபோது, விதையோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுவர வேண்டியிருந்தது அதனால்தான்.

கேழ்வரகில் பழைய கைப்பக்குவம் ஒன்று இருக்கிறது. முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்த மாவில் கஞ்சி அவ்வளவாக இறுகாது. முளைவிடும்போது சுரக்கும் நொதி மாவுப்பொருளை உடைப்பதே காரணம். தண்ணீரைக் கூட்டாமல் மாவைக் கூட்டலாம்; அதே டம்ளரில் சத்து அதிகம்.

பள்ளி வயதில் அளவின் ஒரு பகுதி அரசாணையில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொலைதூர மலைப் பள்ளிகள் முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. ஒரு பிள்ளைக்கு அரிசி, ரவை அல்லது சேமியா 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். அந்தந்த ஊரில் விளையும் சிறுதானியத்துக்கும் அரசாணை இடம் தருகிறது. சாமை விளையும் மலைக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. மதியத்துக்கு மத்திய அரசின் வரையறை, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், மொத்தம் 450 கலோரி. தமிழ்நாட்டில் முட்டையும் உண்டு.

கூட்டிப் பார்க்கலாம். காலையில் தானியமும் பருப்பும் மட்டும் ஏறத்தாழ 225 கலோரி, மதியம் 450, முட்டை 70. ஆக 750-ஐ ஒட்டி வருகிறது. ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு வேண்டியது 1,700. பள்ளி ஊட்டுவது பாதிக்கும் கீழ். மிச்சம் வீட்டுப் பொறுப்பு. அதை இரவுச் சோறு ஒன்றிலேயே திணிக்கப் பார்த்தால் பிள்ளை "போதும்மா" என்று தட்டைத் தள்ளும். சாயங்காலம் வந்ததும் ஒரு வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை, பிறகு பருப்போடு இரவுச் சாப்பாடு என்று பிரித்தால் வயிறு இடம் கொடுக்கும்.

"போதும்" என்பதையும் நம்பத்தான் வேண்டும். என்ன போடுவது, எப்போது போடுவது என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு தின்பது என்பதைப் பிள்ளைக்கு விடலாம். கதை சொல்லி, மிரட்டி, கடைசி உருண்டையை வாயில் அடைக்கும் பாசம் பசி எது, நிறைவு எது என்று பிள்ளைக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். முதலில் கொஞ்சம் வைத்து, கேட்டால் மறுபடி போடுவது எளிது.

சனி, ஞாயிறு பள்ளி அடுப்பு எரியாது, முட்டையும் வராது. அந்த இரண்டு நாளும் மலை வீடுகளில் வெறுஞ்சோறும் ரசமும்தானா, பலாக் காலத்தில் கொட்டை போட்ட பருப்புக் குழம்பா என்பதில் இருக்கிறது பிள்ளையின் வாரக் கணக்கு.