கட்டத்துக்குள் வாழ்க்கை – 7: ஆயாவின் ஜனவரி முதல் தேதி

“பொறந்த தேதி சொல்லு ஆயா.”

“புரட்டாசி மாசம் கண்ணு. மூணாஞ் சனிக்கிழமை. மெட்ராஸ்ல பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம்.”

ஆவடியை அடுத்த சேக்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. நகல் எடுப்பதோடு ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவார்கள். போன வாரம் பெயர்க் கட்டத்தில் இனிஷியல் படும் பாட்டை எழுதினேன் அல்லவா, அதற்கும் இதே கடையில்தான் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வாரம் தேதிக் கட்டம்.

ஆயாவின் ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு 1943 என்று மட்டும் இருக்கிறது. நாளும் மாதமும் தெரியாதவர்களுக்கு ஆண்டை மட்டும் பதிய ஆதாரில் வழி உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய சட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த எத்தனையோ பேர் கையில் பிறப்புச் சான்றிதழ் என்ற காகிதமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். பள்ளிக்கே போகாத ஆயாவுக்கு அந்தத் தேதியும் இல்லை.

ஆனால் திரையில் இருந்த விண்ணப்பம் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடவில்லை. அது யாருடைய தளம் என்பது இங்கே முக்கியமில்லை. இப்படிச் செய்யும் தளங்கள் நிறைய. தட்டச்சு செய்யவும் விடாமல் சின்ன நாட்காட்டி ஒன்றைத் திறந்து காட்டியது. அதில் மாதம் மாதமாகத்தான் பின்னால் போக முடியும். 2025-லிருந்து 1943-க்கு 82 ஆண்டுகள், 984 அழுத்தல்கள். ஆண்டின் மேல் தொட்டால் ஆண்டுப் பட்டியல் வரும் என்ற சூட்சுமம் கடைத் தம்பிக்குத் தெரிந்திருந்ததால் பிழைத்தோம். நாளும் மாதமும் தெரியாத எல்லோருக்கும் போடுவதைப் போல, ஜனவரி 1 என்று தேர்ந்தெடுத்தார்.

சமர்ப்பித்ததும் வந்த ஒப்புகைச் சீட்டில் பிறந்த தேதி 31-12-1942 என்று இருந்தது. ஆதாரில் 1943. பொருந்தவில்லை, நிராகரிப்பு.

தம்பி பதறவில்லை. “இந்த சைட்டு எப்பவும் ஒரு நாள் கம்மியா எடுக்கும் சார்” என்றார். மறுபடி எல்லாவற்றையும் நிரப்பி, ஜனவரி 2 என்று போட்டார். சீட்டில் 01-01-1943 வந்தது. ஏற்றுக்கொண்டது.

அந்த ஒரு நாள் எங்கே போனது? இந்தியாவில் மென்பொருள் எழுதுகிற யாரிடமாவது ‘18:30’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொள்வார்கள்.

உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் பிரெண்டன் ஐக் 1995-ல் பத்தே நாளில் எழுதினார். தேதிக்கான பகுதி அப்போதைய ஜாவாவிலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்தது. அதில் ‘தேதி’ என்று தனியாக ஒன்று கிடையாது. இருப்பது ஒரு கணம் மட்டுமே. ஜூன் 1 என்று சொன்னால், நம் ஊரில் ஜூன் 1 பிறக்கும் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதைச் சர்வருக்கு அனுப்பும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பவர்கள். நம் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 18:30. சர்வரில் இருப்பவர் நேரம் எதற்கு என்று அதை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டால், மே 31. நியூயார்க்கில் உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அவர்கள் நள்ளிரவு பொது நேரத்தில் அதே தேதியின் விடிகாலை. கிழக்கே இருக்கிற நமக்குத்தான் நாள் குறைகிறது.

ஒரு நாள்தானே என்று நினைக்க வேண்டாம். ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்: மத்திய அரசு ஊழியர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தின மாதக் கடைசியிலேயே வெளியே வரவேண்டும். 1965 ஜூன் 2-ல் பிறந்தவருக்கு 2025 ஜூன் 30-ல் ஓய்வு. அவர் தேதி எங்கோ ஒரு நாள் நழுவி ஜூன் 1 ஆகிவிட்டால், மே 31. ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

ஆயாவின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. பொது நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திருத்திவிடலாம் என்று சில நிரலாளர்கள் செய்வார்கள். 1965-ல் பிறந்தவருக்கு அது சரியாக வரும். ஆயாவுக்கு வராது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. பொது நேரத்தோடு ஆறரை மணி வித்தியாசம். உலகம் முழுக்கக் கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலப் பட்டியலில் ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற பதிவுக்குள் இது எழுதப்பட்டிருக்கிறது. 1906-க்கு முன் நடப்பில் இருந்த மெட்ராஸ் நேரமும் அதே பதிவில் இருக்கிறது: ஐந்து மணி 21 நிமிடம், சொச்சம் விநாடிகள். உலாவி அந்தப் பட்டியலைப் பார்த்து ஆறரையைக் கழித்து அனுப்பும். சர்வர் ஐந்தரையைக் கூட்டும். ஆயா டிசம்பர் 31 இரவு 11 மணிக்குப் போய் நிற்பார்.

நம் ஜோதிடர்களுக்கு இது பழைய சேதி. அந்த ஆண்டுகளில் பிறந்தவர் ஜாதகத்துடன் வந்தால் யுத்த கால நேரமா என்று கேட்டு, ஒரு மணி கழித்துத்தான் லக்னம் பார்ப்பார்கள். இலங்கையில் 1996-ல் ஒரே ஆண்டில் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றினார்கள். முதலில் ஆறரை, பிறகு ஆறு. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினார்கள். கொழும்பில் 1998-ல் பிறந்த பிள்ளையின் பிறந்த நேரத்துக்கு ஐந்தரையைப் போட்டால் அரை மணி பிசகும்.

எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. பிறந்த தேதி ஒரு கணம் அல்ல, எழுதி வைத்த ஒரு குறிப்பு. அதை எங்கேயும் கடிகாரத்தோடு சேர்க்கவே கூடாது. ‘1943-01-01’ என்று பத்து எழுத்தாக வாங்கி, பத்து எழுத்தாகவே அனுப்பி, தரவுத்தளத்தில் நேரமில்லாத தேதியாகவே வைக்க வேண்டும். உலாவியின் சொந்தத் தேதிக் கட்டம் உண்மையில் இந்த வடிவில்தான் மதிப்பைத் தருகிறது. நடுவில் அதைக் கணமாக மாற்றுகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு இப்போது ‘டெம்போரல்’ என்ற புதிய பகுதி வந்திருக்கிறது. நேரம் ஒட்டாத வெறும் தேதிக்கு அதில் தனி வகையே உண்டு. 2025-ல் பயர்பாக்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டது. முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

அதைவிட முக்கியம் கேட்கும் விதம். பிரிட்டன் அரசின் தளங்கள் பிறந்த தேதிக்கு நாட்காட்டியைத் திறப்பதில்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சின்னப் பெட்டிகள், தட்டினால் போதும். நம் ஊருக்கு அதில் முதல் இரண்டையும் காலியாக விடும் உரிமையும் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுத இடம் கொடுக்காத படிவம், பொய் சொல்லச் சொல்லி ஆயாவைக் கட்டாயப்படுத்துகிறது. தம்பியின் ‘ஒரு நாள் கூட்டி’ வைத்தியத்தை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. என்றாவது அந்தத் தளத்தார் பிழையைச் சரிசெய்தால், அன்று முதல் அவர் போடும் தேதியெல்லாம் ஒரு நாள் கூடிவிடும்.

வீட்டுக்கு வந்து பழைய நாட்காட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1943-ல் புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறந்தது. முதல் சனிக்கிழமை செப்டம்பர் 18, அடுத்தது 25, மூன்றாவது அக்டோபர் 2. அடுத்த வாரம் கடைப் பக்கம் போனபோது ஆயாவிடம் சொன்னேன்.

“அது காந்தி பொறந்த நாளாச்சே” என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, “அத எழுதிருக்கலாம்ல கண்ணு” என்றார்.

(தொடரும்)