உறையில் வைக்கும் டாலரும் கீழ்த்தட்டில் நிற்கும் மனிதனும்

கரீபியன் கடலில் ஒரு வாரம் சுற்றிவிட்டு மியாமித் துறைமுகத்தை நோக்கித் திரும்பும் கப்பல்களில், பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்தாகிவிட்ட கடைசி இரவில், குடும்பந்தோறும் ஒரு சிறு விவாதம் எழுவது வழக்கம். தலைக்கு நாளொன்றுக்கு 16 டாலர் முதல் 20 டாலர் வரை சேவைக் கட்டணம் என்று கப்பல் கணக்கில் ஏற்கெனவே பற்று எழுதியாகிவிட்டது. கணவனும் மனைவியுமாக இருவர் ஏழு நாள் சென்றால் அதுவே 224 டாலரிலிருந்து 280 டாலர் வரை ஆகிறது. கைக்குழந்தைகளை விலக்கினால் சிறுவர்களுக்கும் அநேகமாக அதே விகிதந்தான். இதற்கு மேலும், அறையைப் பேணிய ஸ்டூவர்டுக்கென்று ஓர் உறையில் பத்தோ இருபதோ தனியாக வைக்க வேண்டுமா என்பதே விவாதம். வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதை விளக்குவதற்கு முன், அந்த மனிதனின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்வது அவசியமாகிறது.

அவன் பொறுப்பில் பதினைந்து இருபது அறைகள், சில கப்பல்களில் அதற்கு மேலும் இருக்கின்றன. பிரயாணிகள் காலை உணவுக்கு மேல்தட்டுக்குப் போயிருக்கும் இடைவெளியில் படுக்கையைத் திருத்தி, ஆளொருவர் நின்று திரும்புவதற்கே இடம் போதாத குளியலறையைக் கழுவித் துடைத்து, ஈரத் துவாலைகளை அள்ளிப் புதியன வைத்து, குழந்தைகளுக்காக உட்கூரையிலிருந்து இறக்கிய படுக்கையை மறுபடி மேலே மடக்கி ஏற்றி, அடுத்த அறைக்கு அவன் ஓட வேண்டும். இன்ன அறைக்காரர் பத்து மணி வரை உறங்குவார், இன்ன அறையில் வயோதிகர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தலையணை இரண்டு கூடுதலாக வேண்டும் என்பனவற்றையெல்லாம் முதல் நாளிலேயே அவன் மனத்தில் பதித்துக்கொள்கிறான். இரவுச் சாப்பாட்டு வேளையில் மீண்டும் வந்து, விரிப்பை மடித்து, விளக்கைத் தணித்து, துவாலையை யானையாகவும் அன்னமாகவும் குரங்காகவும் மடித்துப் படுக்கையின்மேல் வைத்துவிட்டுப் போவான். குழந்தைகள் அதைக் கண்டு துள்ளும்போது அவன் அங்கே இருக்கமாட்டான். கப்பலில் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கு பரவிவிட்டாலோ, நோயாளி படுத்த அறையின் கைப்பிடி, குழாய், சுவர், விரிப்பு என்று ஒன்று விடாமல் கிருமிநாசினியால் துடைக்கிற கைகளும் அவனுடையவையே.

கப்பல் துறைமுகத்தை அடையும் நாள் எல்லாவற்றிலும் கடினமானது. காலை ஒன்பது பத்து மணிக்குள் பழைய பிரயாணிகள் இறங்குகிறார்கள். பகல் தாண்டுவதற்குள் புதியவர்கள் பெட்டியும் உற்சாகமுமாக ஏறிவிடுகிறார்கள். நடுவில் கிடைக்கும் மூன்று நான்கு மணி நேரத்தில் அத்தனை அறைகளும் முன்பு எவருமே தங்கியிராதவை போலத் தோற்றமளிக்க வேண்டும்.

2006-ல் ஜெனீவாவில் நிறைவேறி, 2013 ஆகஸ்டு 20 முதல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை நேரத்துக்கு உச்சவரம்பாக நாளொன்றுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி என்றோ, அல்லது அதற்கு மாற்றாகக் குறைந்தபட்ச ஓய்வு நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 77 மணி என்றோ வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. வாரத்தில் 168 மணி நேரம். ஓய்வு 77 போனால் மிச்சம் 91. அவ்வளவு நேரம் ஒரு மனிதனை வேலை வாங்கினாலும் சட்டம் மீறப்பட்டதாகாது. ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை நீளும் ஒப்பந்த காலத்தில் முழு விடுமுறை என்று ஒரு நாள்கூட இராது; ஒப்பந்தம் முடிந்து ஊரில் கழிக்கும் வாரங்களுக்குப் பெரும்பாலும் சம்பளமும் இராது. பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்தும், இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்தும், தலைமுறை தலைமுறையாகக் கப்பலுக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த நம் கோவாவிலிருந்தும், கேரளத்திலிருந்தும் இவர்கள் வருகிறார்கள். பிலிப்பைன்ஸ் அரசின் விதிப்படி அந்நாட்டுக் கடலோடி தன் அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வீட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும். ஆகையால், உறையில் கிடைக்கும் ரொக்கம் பல சமயங்களில் அவன் தன் விருப்பம்போலச் செலவழிக்கக் கூடிய பணமாகிறது. தேய்ந்த காலணிக்கு மாற்று வாங்குவதும், மகளின் பிறந்த நாளன்று துறைமுகத்தில் இறங்கி அவளுடன் முகம் பார்த்துப் பேசுவதும் அதைக் கொண்டுதான்.

சம்பளத்தை யஜமானரே நிறைவாகக் கொடுக்கக் கூடாதா என்று கேட்பது நியாயமே. கொடுக்காமலிருப்பதற்கு இடமளிக்கும் ஏற்பாடு நெடுநாளைக்கு முன்பே அமைந்துவிட்டது. மியாமியில் பிரயாணிகளை ஏற்றினாலும் இக்கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற தேசங்களின் கொடியைத் தாங்கியவை. அந்நியக் கொடி பறக்கும் கப்பலில் வேலை செய்யும் அந்நியக் கடலோடிகளுக்கு அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டம் பொருந்தாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963-ல் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆக, கப்பலின் ஊர் ஒன்று, கொடியின் ஊர் வேறொன்று, ஊழியனின் ஊர் மூன்றாவது. அவனுடைய கூலியை நிர்ணயிப்பதில் பிரயாணியின் பர்ஸுக்குப் பெரும் பங்கு கிடைத்தது இப்படித்தான்.

இதற்கு முன்மாதிரி தரையிலேயே உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் ஜீவனத்துக்கு வழி தேடி நின்ற காலத்தில், ரயில்களின் படுக்கை வசதிப் பெட்டிகளில் அவர்களைச் சிப்பந்திகளாக அமர்த்தினார்கள். சம்பளம் அற்பம், மிச்சத்தைப் பிரயாணிகளின் இனாம் ஈடுகட்டும் என்பது கணக்கு. வெள்ளையர் அச்சிப்பந்திகளை அவரவர் பெயர் சொல்லி அழைக்கவும் இல்லை. எல்லாரும் அவர்களுக்கு ‘ஜார்ஜ்’. பிரயாணி பூட்ஸைப் பாலிஷ் போட்டுத் தருவதிலிருந்து நள்ளிரவில் தண்ணீர் கொண்டு வருவது வரை, எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு செய்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலைமை. அவர்கள் 1925-ல் சங்கம் கண்டு, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937-ல் ஒப்பந்தம் பெற்று, சம்பளத்தை உயர்த்தி வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே வாஷிங்டன் மாகாணம் 1909-ல் இனாம் வழங்குவதையே சட்டத்தால் தடுத்துப் பார்த்தது. 1913-ல் அச்சட்டம் ரத்தாயிற்று. இன்றும் அந்தத் தேசத்தில் இனாம் பெறும் தொழிலாளிக்கு மத்திய சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அது ஒரு காசுகூட ஏறவில்லை. இத்தகைய சம்பிரதாயத்தில் பிறந்து கடலுக்குச் சென்ற வழக்கத்தையே நாம் கப்பலில் காண்கிறோம்.

எல்லாவற்றையும் பயணச்சீட்டின் விலையிலேயே அடக்கிவிட்டால் இந்தத் தொல்லை இராது என்று வாதிப்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்படும் பல கப்பல்களில் அவ்வாறு நடக்கவும் செய்கிறது. அந்நாள் எங்கும் வரட்டும். வரும்வரை, இந்த வாரம் நம் படுக்கையை விரித்தவனுக்கு அந்த வாதத்தால் பயன் இல்லை.

மிகவும் வருந்தத்தக்க வழக்கம் வேறொன்று உண்டு. சேவைக் கட்டணத்தைக் கணக்கிலிருந்து நீக்கித் தரும்படி பயணத்தின் நடுவிலேயே விருந்தினர் சேவை மேஜைக்குச் சென்று கேட்கும் பிரயாணிகள் இருக்கிறார்கள். பல கப்பல்களில் கேட்டால் நீக்கியும் விடுகிறார்கள். நீக்கியவர்களில் சிலர், “நான் ஸ்டூவர்டின் கையிலேயே நேராகக் கொடுத்துவிட்டேன், நடுவில் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது” என்று பெருமிதமாகச் சொல்வார்கள். கட்டணத்தை நீக்கிய அறையிலிருந்து பெற்ற ரொக்கத்தைப் பொது நிதியில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதி சில கப்பல்களில் உண்டென்பதை அவர்கள் அறியவில்லை. அறிந்தால் மட்டும் போதாது. அப்பொது நிதி யாருக்காக என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். என் உள்ளத்தை நெடுநாளாக அரித்துவருகிற கவலையும் அங்கேதான் பிறக்கிறது.

மிகப் பெரிய கப்பல்களில் 2,000-க்கும் மேற்பட்ட சிப்பந்திகள் இருக்கிறார்கள். அவர்களில் பிரயாணி முகம் பார்த்து அறிபவர்கள் எத்தனை பேர்? கப்பலின் கீழ்த்தட்டில் முன்னிருந்து பின்வரை ஒரு நீண்ட நடைவழி செல்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் நெடுஞ்சாலைப் பெயரால் ‘ஐ-95’ என்று சிப்பந்திகள் அதை அழைப்பார்கள். சரக்கு வண்டிகளும் அழுக்குத் துணி மூட்டைகளும் இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கும் அவ்வழியை ஒட்டிச் சலவைக்கூடம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, இயந்திரங்களின் இரைச்சலும் வெந்நீராவியும் சூழ்ந்திருக்கும். ஸ்டூவர்டு மேலே அள்ளிய விரிப்புகளும் துவாலைகளும், குளக்கரையில் பிரயாணிகள் தாராளமாக எடுத்து வீசிய துண்டுகளும், சாப்பாட்டுக்கூடத்தின் மேஜைத் துணிகளும் அங்கே வந்து குவிகின்றன. அவற்றைப் பிரித்து, வெளுத்து, உலர்த்தி, மடித்து, மேலே அனுப்புகிறவனை ஏழு நாள் பயணத்தில் ஒரு பிரயாணியும் பார்ப்பதில்லை. சமையற்கட்டின் பின்புறத்தில் பாத்திரங்களைத் தேய்ப்பவனும், குப்பையைத் தரம்பிரித்து எரியூட்டுக்கு அனுப்புபவனும் அவ்வாறே. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவனுக்குக் கிடைக்கிற உபசாரம் கோட்டையடுப்பின் முன் வேகிறவனுக்கு எப்போதும் கிடைத்ததில்லை. கப்பலிலும் இனாம் கண் போகும் வழியிலேதான் போகிறது. பொது நிதியின் ஒரு பங்கு இம்மனிதர்களை அடைவதாகப் பல கப்பல்கள் சொல்கின்றன. ஆகவே, சேவைக் கட்டணத்தை நீக்கிவிட்டு ஸ்டூவர்டின் கையில் முழுப் பணத்தையும் திணிக்கும் தாராள மனத்தார், தாம் அறியாமலே, கண்ணில் படாத ஒருவனிடமிருந்து எடுத்துக் கண்ணில் படுகிறவனுக்குக் கொடுக்கிறார்கள்.

கட்டணத்தைத் தொடாமல் விட்டு, அதற்கு மேல் கொடுப்பதே சரி என்று நான் கருதுவது இதனால்தான். கடைசி நாள் வரை காத்திருந்து, செய்த வேலைக்கு நன்றியாகக் கொடுப்பதே அதில் மேலானது. முதல் நாளே நோட்டை நீட்டி விசேஷ கவனிப்பை வாங்க முற்படுவது, பக்கத்து அறைக்காரருக்குச் சேர வேண்டிய நேரத்தை நாம் விலை பேசுவதாகும்.

கவலை இத்துடன் தீரவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் பல கப்பல்களில் நாளொன்றுக்கு இருமுறை நடந்த அறைப்பணி ஒருமுறையாகச் சுருங்கிவிட்டது. காலையா மாலையா என்று பிரயாணி ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு வேளை குறைந்தது அவனுக்கு ஓய்வாகக் கனியவில்லை. ஒரு வேளை குறைந்த இடத்தில் அறைகள் கூடின. பிரயாணி வெளியே போயிருக்கும்போது அவன் வந்து போய்விடுகிறான். நடைவழியில் பெயர் சொல்லி வணக்கம் கூறும் சந்தர்ப்பமும் அருகிவிட்டது. கப்பலில் ரொக்கம் புழங்குவதும் இல்லை. குடிக்கும் பானம் முதல் புகைப்படம் வரை எல்லாம் அட்டையிலேயே பற்றாகிறது. பையில் நோட்டு இல்லாத பிரயாணி, முகம் தெரியாத ஸ்டூவர்டுக்கு எதற்காக உறை தேடப் போகிறார்? சலவைக்கூடத்து மனிதன் என்றோ மறைந்த இருளுக்குள் ஸ்டூவர்டும் மெல்லமெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறான் என்பதே என் பயம். மனிதன் மறைந்து, சேவைக் கட்டணம் என்ற ஒற்றை வரி மட்டும் ரசீதில் மிஞ்சும்போது, அதை நீக்கச் சொல்வதில் எவருக்கும் கூச்சம் இராது. கல்லின்மேல் யாரும் இரக்கம் காட்டுவதில்லை, எண்ணின்மேலும் அப்படித்தான்.

ஆகவே, புறப்படும் முன்பே சில நோட்டுகளை மாற்றித் தனியே எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. ஏறிய நாளிலேயே ஸ்டூவர்டின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பயணம் முடிந்தபின் வரும் கருத்துப் படிவத்தில் அப்பெயரை எழுத மறக்காமலிருந்தால், அடுத்த ஒப்பந்தத்துக்கு அவனை அழைக்கும் வேளையில் அந்த ஒரு வரி உறையைக் காட்டிலும் அதிகமாக உதவலாம். குளக்கரையில் ஒருவருக்கு ஒரு துண்டு போதுமானால் மூன்று எடுக்காமலிருப்பதும் ஒருவகை இனாமே. கீழ்த்தட்டுக்குப் பிரயாணி நேராக அனுப்பக் கூடியது அது ஒன்றுதான்.

கப்பல் நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நாளொன்றுக்கு 18 டாலர் கட்டும் பிரயாணிக்கு, அதில் ஸ்டூவர்டுக்கு எவ்வளவு, பரிமாறுபவனுக்கு எவ்வளவு, சலவைக்கூடத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஒரு கோப்பைப் பானத்தின் விலையையும் அதன்மேல் 18 சதவீதமோ 20 சதவீதமோ சேவைத் தொகையையும் காசு பிசகாமல் பிரித்துக் காட்டுகிற அதே ரசீதில், இந்தப் பங்கீட்டையும் மூன்று நான்கு வரிகளில் அச்சிட்டுக் கொடுப்பது அவர்களுக்கு அசாத்தியமான காரியம் அல்ல.