மணலுக்கு அடியில் ஓடும் ஆறு

பாலாற்றுப் பாலத்தின் மீது பேருந்தில் செல்வோர் கீழே எட்டிப் பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதியில் காண்பது மணலும் சீமைக் கருவேல முள்ளும்தான். ‘பெயரில் மட்டும் பால்’ என்று வெளியூர்க்காரர் கேலி செய்வதும் உண்டு. ஆனால் பாலாறு, மறைந்து ஓடும் ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு அருகே தமிழகத்தில் நுழைந்து, வயலூரில் கடலோடு கலக்கும் இவ்வாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில் உள்ளது. வெள்ளம் வரும் சில நாட்களில் கிடைக்கும் நீரை மணற்படுகை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றுச் சுரப்பது அங்கிருந்துதான்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஆற்று மணலில் சாய்வாக வாய்க்கால் தோண்டி, அதில் கசியும் நீரை வயலுக்குக் கொண்டுவந்தனர். இதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். வெள்ளம் வந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும். ஆகவே ஊரார் ஒன்றுகூடி மீண்டும் தூர் எடுக்க வேண்டும். வேலைக்கு வராதவன் தண்ணீருக்கு மட்டும் வந்து நின்றால் ஊர் சும்மா விடுமா? மின்சார மோட்டார் வந்த பிறகு அவரவர் கிணறு அவரவர்க்கு என்றாயிற்று. பொது வாய்க்காலைத் தேடுவார் குறைந்தனர். ஆற்றின் நிலையை ஊர் கூடிப் பார்த்துவந்த பழக்கமும் அதனோடு குறைந்தது என்றே எமக்குத் தோன்றுகிறது.

இந்நிலையில்தான் தோல் கழிவு நீர் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் நெடுநாளையத் தொழில். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பு பரவலாயிற்று. பச்சைத் தோல் அழுகாதிருக்க முதலில் உப்பிடுவர். மயிர் நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைப்பர். அதன் பின்னரே பதனிடுவர். ஒவ்வொரு கட்டத்திலும் அலச வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று கூறுகிறது. அந்நீர் சுத்திகரிக்கப்படாமல் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டால் என்ன ஆகும்? வெள்ளத்தை உறிஞ்சும் அதே மணல் இதையும் உறிஞ்சும்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரோமியத்தை வேதிப்பொருள் சேர்த்து வண்டலாகப் படியவைத்துப் பிரிக்க முடியும். ஆனால் சாதாரண உப்பு நீரில் முற்றும் கரைந்துவிடுவதால் வடிகட்டியிலும் நிற்காது, அடியிலும் படியாது. அதைப் பிரிக்கப் பெரும் பொருட்செலவில் இயந்திரங்கள் வேண்டும். நெல்லும் தென்னையும் வாடியதற்கும் கிணற்று நீர் கரித்ததற்கும் இந்த எளிய உப்பே பெரும் காரணம். நாம் சமையலறையில் சிட்டிகை கணக்கில் எடுக்கும் பொருள்தான் அது!

1991-ஆம் ஆண்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. திண்டுக்கல் பக்கத்துச் செய்தியும் அதே தீர்ப்பில் உண்டு. அங்கே 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தார் கணக்கெடுத்தபோது, 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடந்தனர் என்றும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. குடம் சுமப்பவர் யார் என்பதை நீதிபதிகளும் கண்டுகொண்டார்கள். 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், கெட்டதைச் சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கை அதில் நிலைநாட்டப்பட்டது. கிணறு கிணறாகச் சென்று எண்ணியவர்கள் இல்லாவிட்டால், திண்டுக்கல் பக்கத்துத் துயரம் அத்தீர்ப்பில் எண்ணிக்கையோடு இடம்பெற்றிருக்குமா?

தோல் தொழிலை ஒழித்தால் போதும் என்று சிலர் எளிதாகச் சொல்வர். அதை நாம் ஏற்பதற்கில்லை. இத்தொழிலால் வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். அத்தீர்ப்பும் அத்தொழில் ஈட்டும் அன்னியச் செலாவணியையும் அது தரும் வேலைவாய்ப்பையும் ஒப்புக்கொண்டே, அதற்காகச் சுற்றுப்புறத்தை அழிக்க உரிமையில்லை என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. ஆயினும் துயரம் தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் கண்காணிப்புக்கு ஒரு குழுவும் வேண்டுமெனக் கட்டளையிட்டது. இடையில் ஓடிய ஆண்டுகள் எத்தனை என்று மாணவியர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அதே படுகையில் மகிழத்தக்க செய்தியும் உண்டு. ஜவ்வாது மலைப் பகுதியிலிருந்து இறங்கும் நாகநதி பல்லாண்டு வறண்டு கிடந்தது. கணியம்பாடி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள், அப்போதைய நூறு நாள் வேலைத் திட்டத்தின்கீழ், ஓடைகளின் குறுக்கே கல்லடுக்கித் தடுப்புகள் கட்டினர். ஆற்றிலும் ஓடைகளிலும் சிமெண்டு உறையிட்டு நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டினர். ஓடும் நீரைத் தடுப்பு நிதானப்படுத்துகிறது. கிணறு அதை இறுகிய மேல்மண்ணைக் கடந்து கீழே இறக்குகிறது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, அண்டைக் கிணறுகளில் நீர் கண்டது. மண்வெட்டி பிடித்த அப்பெண்கள் நீரியல் படித்தவர்கள் அல்லர். நீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பது அவர்களுக்குப் பாடநூல் இல்லாமலே தெரியும்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. நம் நாட்டுத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நலம். வேறு நீரே இல்லாதபோது 2,000 வரை அனுமதி உண்டு. மழைக்கு முன்னும் பின்னும் தெருவிலுள்ள கிணறுகளை அளந்து, நாளும் இடமும் குறித்து ஒரே நோட்டில் எழுதி வைக்கலாம். ஆனால் அக்கருவி மொத்த உப்பை மட்டுமே காட்டும். குரோமியம் இருக்கிறதா என்று தனியே சொல்லாது. அதற்குச் சுத்தமான புட்டியில் நீர் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும். எந்தக் கிணற்று நீர், எந்த நாளில் எடுத்தது என்பதைப் புட்டியின் மேல் எழுதி ஒட்ட மறவாதீர்கள்.