இதழியல் படிப்பு: வேலைவாய்ப்புக் கணக்கைப் படிப்பது எப்படி?

நிருபராகவோ உதவி ஆசிரியராகவோ வேலை பார்க்க இந்தியாவில் எந்தச் சட்டமும் பட்டம் கேட்பதில்லை. தினமலர் 1957-ல் திருநெல்வேலிக்கு வந்தபோது இந்த ஊரில் பல்கலைக்கழகமே கிடையாது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல்தான் பிறந்தது. ஆகவே இதழியல் பட்டத்துக்குச் செலவிடும் பணம் திரும்புமா என்ற கேள்விக்கு, முன்பு படித்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் விடை. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நாள்களில் வாசகர்கள் அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று விளம்பரத் தட்டி சொல்லும்போது, எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று பார்க்க வேண்டும். 60 பேர் சேர்ந்து, 48 பேர் தேறி, அவர்களில் 20 பேர் மட்டும் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்து, அந்த 20 பேருக்கும் வேலை கிடைத்தால் கல்லூரி நூறு என்று எழுதிக்கொள்ளலாம். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது 33. எண்கள் எல்லாம் உண்மை. பெற்றோருக்குக் கிடைக்கும் விவரம் மட்டும் பொய்.

இதைச் சரிபார்க்க ஒரு பொது ஆவணம் உண்டு. என்.ஐ.ஆர்.எஃப். எனப்படும் தேசியத் தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. அதில் பங்கேற்கும் கல்லூரிகள் கொடுத்த விவரத்தை அவற்றின் இணையதளத்திலேயே பார்க்கலாம்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள். தட்டியைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அதில் இரண்டு ஓட்டைகள். மூன்றாண்டு இளங்கலை படித்த அனைவரும் ஒரே வரிசையில் வருவதால், வணிகவியல், கணினி மாணவர்களுக்குக் கிடைத்த வேலை ஊடக மாணவர்களின் நிலையை மறைத்துவிடும். தவிர, தரவரிசை மதிப்பெண்ணில் வேலையும் மேற்படிப்பும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. வேலை கிடைக்காமல் எம்.ஏ. சேர்ந்தவரும் கல்லூரிக்கு வெற்றிதான்.

எனவே துறைத் தலைவரிடமே கேட்க வேண்டும்: கடந்த மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் எந்தப் பத்திரிகையில், எந்தப் பொறுப்பில், நியமனக் கடிதத்தோடு இருக்கிறார்கள்? அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ ஒரு செய்திக்கு இவ்வளவு என்று பணம் பெறும் பகுதிநேர நிருபரும் 'வேலை பெற்றவர்' பட்டியலில் இருக்கக்கூடும். பதில் சொல்லத் தயங்கும் துறையில் பணம் கட்ட அவசரம் வேண்டாம்.

கட்டணத்திலும் இதுபோல் ஒரு மறைவு உண்டு. பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பிரிவுகள் இயங்குகின்றன. உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது. சுயநிதிப் பிரிவு மாணவர் கட்டணத்தில் ஓடுவது. தமிழ், வரலாறு, பொருளாதாரம் பெரும்பாலும் முதல் பிரிவில் இருக்கும். பிந்தி வந்த விஷுவல் கம்யூனிகேஷன் போன்றவை பெரும்பாலும் இரண்டாவதில். 'அரசு உதவிபெறும் கல்லூரி' என்ற பெயர்ப்பலகையை வைத்துக் கட்டணத்தை ஊகிக்க முடியாது.

வசதி குறைந்த குடும்பத்துக்குப் பொருத்தமான வழி, உதவிபெறும் பிரிவிலோ அரசுக் கல்லூரியிலோ ஒரு பாடத்தை ஆழமாகப் படித்துவிட்டு, பிறகு இதழியலுக்கு வருவது. முதுநிலை இதழியலில் பொதுவாக எந்தப் பட்டதாரியும் சேரலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்திலேயே தொடர்பியல் துறை இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025-ல் சென்னையில் தொடங்கிய இதழியல் கல்வி நிறுவனம் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. பொருளாதாரம் படித்த நிருபருக்குப் பட்ஜெட் புரியும். கேமராவைப் பிறகும் பழகிக்கொள்ளலாம்.

உதவித்தொகை? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய்.

அஞ்சல்வழி? அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி இருந்தால் சேரலாம்.

பயிற்சி? படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

சம்பளம்? பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை மத்திய அரசு 2011-ல் அறிவித்தது, உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதிசெய்தது. நியமனக் கடிதம் இல்லாதவர் அதைக் காட்டிக் கேட்பது கடினம்.