பல் வைத்தியப் படிப்பும் பிறந்த ஊரும்

பிள்ளைகளைப் பல் வைத்தியத்துக்குப் படிக்க வைக்கும் விருப்பம் இன்று நமது அங்கத்தினர் குடும்பங்களிலும் தோன்றியிருக்கிறது. கல்லூரியில் இடம் கிடைக்க மதிப்பெண் ஒன்றே போதுமா, அல்லது ஊரும் உறவும் அதில் குறுக்கிடுமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம்.

பர்லியாரையே எடுத்துக்கொள்வோம். இது நீலகிரி ஜில்லா, குன்னூர் தாலுகாவைச் சேர்ந்தது. மலைப்பாதையில் இறங்கிக் கல்லாற்றை அடைந்தால் கோயம்புத்தூர் ஜில்லா. இரண்டு ஊர்களிலும் விளைவது அதே ஜாதிக்காய்தான். ஆயினும் 1967ஆம் ஆண்டு வைத்தியக் கல்லூரிச் சேர்க்கையில் இவ்விரு ஊர்ப் பிள்ளைகளும் வெவ்வேறு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஜனத்தொகை விகிதப்படி ஜில்லாவுக்கு இத்தனை இடம் என்று சென்னை அரசாங்கம் பங்கிட்டிருந்தது. 1961ஆம் ஆண்டுக் கணக்குப்படி ராஜ்யத்தின் ஜனத்தொகை 3 கோடியே 37 லட்சம். நீலகிரிக்குச் சுமார் 4 லட்சம். அதாவது நூறு இடங்களில் நமக்கு ஒன்று!

இம்முறையில், ஒரு ஜில்லாவில் அதிக மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்க, அடுத்த ஜில்லாவில் குறைந்தவர் உள்ளே போக முடிந்தது. 1968ஆம் ஆண்டு, ராஜேந்திரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைச் செல்லாதென்று தீர்த்தது. பங்கீடு இல்லாவிடில் சென்னைப் பட்டணத்துப் பிள்ளைகளே இடங்களை நிரப்பிவிடுவர் என்ற வாதம் எடுபடவில்லை. அந்த அச்சம் முற்றிலும் வீண் என்று மலைநாட்டாராகிய நாம் சொல்லமாட்டோம். பின்னர் கல்லூரிகளைத் தனித்தனிப் பிரிவுகளாக்கிச் சேர்க்கை நடத்தியதும் 1970ஆம் ஆண்டு பெரியகருப்பன் வழக்கில் தள்ளுபடியாயிற்று.

இன்று ஜில்லா எல்லை குறுக்கிடுவதில்லை. ராஜ்ய எல்லைதான் குறுக்கிடும். அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரிகளில் 15 சதவிகித இடங்கள் அகில இந்தியப் பங்கு. மற்றவை நீட் தேர்வு மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் ஒட்டித் தமிழ்நாட்டு மாணவருக்கே உரியவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவருக்கு வேறு இருப்பிடச் சான்று வேண்டியதில்லை. நடுவில் கேரளத்திலோ கர்நாடகத்திலோ மாமன் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைதான், தாய்தந்தையர் இவ்விடத்தார் என்பதைப் பத்திரங்களால் நிரூபிக்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்து அங்கத்தினர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இதைவிட முக்கியமானது 2020ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளியிலேயே படித்தவருக்கு 7.5 சதவிகித இடங்கள் தனியே உண்டு. உதவி பெறும் பள்ளி இதில் சேராது. எட்டாம் வகுப்பில் கடன் வாங்கியாவது பிள்ளையை மேட்டுப்பாளையத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிற தகப்பனார், தாமறியாமலே இவ்வழியை அடைத்துவிடுகிறார். பள்ளி நல்லதாகவே இருக்கலாம். எனினும் இழப்பை அறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

உறவைப் பொறுத்தமட்டில், முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வெல்லிங்டனை அடுத்துள்ள குடும்பங்களுக்கு இது பயன்படும். தனியார் கல்லூரிகளில் வெளிநாட்டிந்தியர் பங்கு 15 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்று 2005ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் கூறியது. அப்பங்கைச் சிற்றப்பன், அத்தை முதலிய தூர உறவுகளுக்கும் நீட்டப் பஞ்சாப் அரசாங்கம் முயன்றபோது, 2024ஆம் ஆண்டு அதை மறுத்துவிட்டது. ஆகவே, சிங்கப்பூரில் பெரியப்பா இருக்கிறார் என்று சொல்லி இடம் வாங்கித் தருவதாக வரும் தரகர்களிடம் எவரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.