கழித்தால் கூடும் வேகம்



எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா கொத்தனார். சென்ற ஆண்டு 4,000 ரூபாய்க்கு ஒரு பழைய கணிப்பொறி வாங்கித் தந்தார். 2 ஜிபி ராம். அதிலிருந்த விண்டோஸ் 10, ஸ்விட்ச் போட்டு அம்மா டீ போட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காது! "ஏமாத்திட்டானுங்களாடா?" என்று அப்பா கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோளாறு எங்கே? ராம் என்பது வேலை செய்யும் மேசை. ஹார்ட் டிஸ்க் பரண். மேசை நிறைந்தால் பொருளைப் பரணில் ஏற்றி இறக்க வேண்டும். நாம் காத்திருப்பது அந்த நேரம்தான். நாம் எதையும் திறக்காதபோதே தேடல், புதுப்பிப்பு, வைரஸ் காவல் என்று பல சேவைகள் மேசையில் இடம் பிடித்திருக்கும்.

இவற்றில் பலவற்றைக் கழித்துத் தனியாட்கள் தயாரிக்கும் பதிப்புகள் உண்டு. 2021ல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி. இவை இல்லாதவர்களுக்காக 2023ல் 'டைனி 11' வந்தது. அது மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால், பலரும் இப்படி வழி தேடுகிறார்கள்.

நண்பன் ஒருவன் பென் டிரைவில் ஒரு கழித்த பதிப்பு தந்தான். யார் செய்தது என்று அவனுக்கும் தெரியாது. போட்டேன், கணிப்பொறி பறந்தது! ஒரு மாதம் கழித்து ரெக்கார்டுக்குப் பிரிண்ட் எடுக்கப் போனால் பிரிண்டர் அசையவில்லை. அச்சு வேலையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையையும் கழித்திருந்தார்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பும் வரவில்லை.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "எடம் பத்தலன்னா சுவத்த இடிக்கலாம்டா. ஆனா எது பாரம் தாங்குற சுவருன்னு தெரிஞ்சவன் இடிக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே கணிப்பொறியில்தான் எங்கள் தெருப் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தட்டியிருந்தேன். கழித்தவர் எதையாவது சேர்த்தும் இருந்தால்? தட்டும் எழுத்தையெல்லாம் திருடும் நிரல் உள்ளே இருந்தாலும் கணிப்பொறி வேகமாகத்தான் ஓடும்!

அன்றே அதை அழித்தேன். அந்த வீடுகளுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, பாஸ்வேர்டுகளை மாற்றச் செய்தேன். இப்போது என்னிடம் இருப்பது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவின் பாரி கௌலர் 2003ல் தொடங்கியது. சிறியது, ராமிலேயே ஏறி ஓடும், மூல நிரலை யாரும் பார்க்கலாம்.

நண்பர்களே, பழைய கணிப்பொறியைத் தூக்கி எறியாதீர்கள். கழியுங்கள், தப்பில்லை. ஆனால் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். அங்கே தந்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். யார் செய்தது என்று தெரியாத பதிப்பில் அடுத்தவர் கணக்கு எண்ணைத் தட்டவே தட்டாதீர்கள். நம்மை நம்பித்தான் அவர்கள் தருகிறார்கள்.